மேடையில் யார் பேச வேண்டும்?

நம் நாட்டில் மகாநாடுகளுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. மழை பொய்க்கலாம், விளைச்சல் குறையலாம், மகாநாடு மட்டும் குறித்த தேதியில், குறித்த நேரத்துக்கு ஒரு மணி பின்னால், தவறாமல் நடந்தேறும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வந்தனோபசாரம் என்று அதற்கு ஒரு சாஸ்திரமே ஏற்பட்டிருக்கிறது. அந்தச் சாஸ்திரத்தில் ஓர் அதிசயம் உண்டு. உழவர் மகாநாட்டில் உழாதவர் பேசுவார். நெசவாளர் மகாநாட்டில் தறியைத் தொடாதவர் பேசுவார். எழுத்தறிவு மகாநாட்டில் மாத்திரம் இந்த வழக்கம் மாறிவிடுமா என்ன? எழுத்து அறிந்தவர்கள் மேடையில் இருப்பார்கள். எழுத்தை அறிய வேண்டியவர்கள் கடைசி வரிசையில் இருப்பார்கள். அல்லது வீட்டில் இருப்பார்கள்.

எழுத்தறிவுக்கும் மகாநாட்டுக்கும் உள்ள சம்பந்தம் பழையது. ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் தேதியை உலகம் எழுத்தறிவு தினமாகக் கொண்டாடுகிறது அல்லவா? அந்தத் தேதியே ஒரு மகாநாட்டின் பிறப்புத்தான். 1965-இல் ஈரான் நாட்டுத் தலைநகரான டெஹ்ரானில், கல்லாமையை எப்படி ஒழிப்பது என்று ஆலோசிக்கப் பல நாட்டுக் கல்வி மந்திரிகள் கூடிய மகாநாடு தொடங்கிய நாள் அது. மறு வருஷம் யுனெஸ்கோ ஸ்தாபனம் அந்த நாளையே தேர்ந்தெடுத்தது. 1967 முதல் கொண்டாட்டம் நடந்து வருகிறது. ஆகையால், மகாநாடு கூட்டிப் பயன் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே யார் பேச வேண்டும், யார் கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் நமக்கு ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறது.

இருபது வருஷங்களுக்கு மேலாகக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லி வரும் உபாத்தியாயர் நாம். மத்திய சர்க்கார் 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் பள்ளிக்கூடங்களை முதியோர் வகுப்புக்கும் இடமாக்கியது. பதினைந்து வயதைக் கடந்தும் எழுத்தறியாதவர்களுக்கு, சம்பளம் வாங்காத தொண்டர்கள் கற்பிக்கும் ஏற்பாடு அது. நம் பள்ளியிலும் மாலை வேளையில் ஒரு வகுப்பு ஏற்பட்டது. அதன் காரணமாக, ஜில்லாத் தொண்டர்களின் ஒரு நாள் மகாநாட்டுக்குப் போய்வரும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது.

ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். முந்நூறு பேருக்குக் குறையாது; அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கல்லூரியில் படிப்பவர்கள் சிலர். கைக்குழந்தையோடு வந்தவர்கள் சிலர். வரவேற்புரைகள் முடிந்ததும் அன்றைய பிரதான பிரசங்கி எழுந்தார். தன்னம்பிக்கைப் பேச்சில் பேர் பெற்றவர். குரல் கணீரென்று இருந்தது. சிறு கயிற்றில் கட்டுண்டு கிடக்கும் பெரிய யானையின் கதையைச் சொன்னார். தன் பலத்தைத் தான் அறியாமல் நின்ற யானை ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்றாம். நாம் கேட்ட மேடைகளில் மாத்திரம் அந்த யானை ஆறேழு தடவை கயிற்றை அறுத்திருக்கிறது. இருந்தும் என்ன? கூட்டம் கரகோஷம் செய்தது. எழுந்து நிற்கச் சொன்னார்; எழுந்தோம். இரு கைகளையும் உயர்த்தி, "என்னால் முடியும்" என்று மும்முறை முழங்கச் சொன்னார், முழங்கினோம். மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது.

நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகம் பளிச்சென்று மலர்ந்திருந்தது. "நாளைக்கே இன்னும் நாலு பேரை வகுப்புல சேர்த்துடுவேன், சார்" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம், அம்மா. இப்போ வர்றவங்களுக்கு எதைப் படிக்கணும்னு ஆசை?" என்று கேட்டோம்.

அவள் சற்று யோசித்தாள். "அதைக் கேட்டதே இல்லையே, சார்" என்றாள்.

அந்தப் பதிலில் ஒரு குறையும் இல்லை. அவளிடம் அதை யாரும் கேட்கச் சொல்லவில்லை. அன்று காலை பேசிய ஐந்து பேரில் ஒருவரும் அந்தக் கேள்வியின் பக்கமே போகவில்லை.

ஊக்கப் பேச்சை நாம் இகழ்வதாக நேயர்கள் எண்ண வேண்டாம். ஊக்கம் இல்லாமல் இந்தக் காரியம் நடக்காது. கேரளத்தில் எர்ணாகுளம் ஜில்லா 1989-ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று தன் எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. ஜில்லா நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் கைகோத்தன. பாட்டும் நாடகமுமாகக் கலைக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கூலியின்றிக் கற்பிக்க முன்வந்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, முழு எழுத்தறிவு பெற்ற முதல் ஜில்லா அது என்று பிரதம மந்திரி வி. பி. சிங் பிரகடனம் செய்தார். ஜனங்களின் மனத்தில் நெருப்பு மூட்டாமல் ஓராண்டில் இவ்வளவு நடந்திருக்குமா?

ஆனால் அதே எர்ணாகுளத்தில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. வகுப்புக்கு வந்த முதியவர்கள் பலருக்குக் கண் பார்வை மங்கியிருந்தது. பாடப் புத்தகத்தின் எழுத்து அவர்களுக்கு வெறும் புகையாகத்தான் தெரிந்தது. "என்னால் முடியும்" என்று நூறு தடவை முழங்கினாலும் புகை எழுத்தாகிவிடுமா? உடனே மூக்குக் கண்ணாடிகளைத் திரட்டி விநியோகிக்கும் வேலையில் இறங்கினார்கள். இந்தச் சங்கதி மேடையில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, நடுங்கும் கையைப் பிடித்து எழுதச் செய்கிறவருக்கே தெரியும். நெருப்பு மூட்டுவது பிரசங்கம். அடுப்பில் எந்த உலை ஏற வேண்டும் என்று அறிவது வேறு வித்தை.

மத்தியான்னம் அந்த வித்தையைக் கொஞ்சம் கண்டோம். சாம்பார் சாதப் பொட்டலம் ஆனபிறகு, கூட்டத்தைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் கணக்கு. ஒரு குழுவில் கைப்பேசி. நாம் போன குழுவில் எழுத்து. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அதை நடத்தினார். கைதட்டச் சொல்லவில்லை, கதை சொல்லவில்லை. கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்: பட்டா.

"நம்ம தமிழுக்கு எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. இத்தனையும் படிச்சாத்தான் ஒரு சொல்லைப் படிக்கலாம்னு சொன்னா, பகல் பூரா களை எடுத்துட்டு வந்த அம்மா நாளைக்கு வருவாங்களா?" என்று கேட்டார். பிறகு அந்தச் சொல்லைப் பிரித்தார். ப, ட், டா. இதனோடு 'ம' ஒன்றைச் சேர்த்தால் படம், பாடம், பட்டம், மாடம், மாமா எல்லாம் வந்துவிடும். இகரக் கொக்கி ஒன்றைக் காட்டினால் பாட்டியும் மாடியும் வந்து சேருவார்கள். அரை மணியில் பத்துச் சொற்கள்! ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. "பட்டா யார் பேர்ல இருக்கு? அம்மா பேர்ல எத்தனை வீட்டுல இருக்கு? இதை வகுப்பில கேளுங்க. அப்புறம் பாருங்க, அந்தச் சொல்லை அவங்க மறக்கவே மாட்டாங்க" என்றார்.

இந்த முறைக்கு உலகத்தில் ஒரு பெரிய சரித்திரம் உண்டு. பிரேஸில் தேசத்தின் வடகிழக்கு மூலையில் அங்கிகோஸ் என்று ஒரு சிற்றூர். வறண்ட பூமி, ஏழை ஜனங்கள். 1963-இல் பாவ்லோ பிரெய்ரே என்ற கல்வியாளரும் அவருடைய மாணவர்களும் அங்கே சுமார் முந்நூறு பேருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் சோதனையை நடத்தினார்கள். குழந்தைகளின் அரிச்சுவடியை அவர்கள் கையில் எடுக்கவில்லை. ஜனங்களின் பேச்சில் அன்றாடம் புரளும் சொற்களைக் கேட்டுத் திரட்டி, அவற்றிலிருந்தே பாடம் தொடங்குவது பிரெய்ரேயின் முறை. செங்கல் என்பது அவர் பயன்படுத்திய அப்படிப்பட்ட சொற்களில் ஒன்று. செங்கல்லைச் சுமப்பவனுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அதன் அசைகளைப் பிரித்துக் காட்டினால் போதும். சுமப்பவன் ஏன் சொந்த வீடில்லாமல் இருக்கிறான் என்ற பேச்சும் கூடவே எழும்.

அங்கிகோஸில் கடைசி வகுப்புக்குக் குடியரசுத் தலைவர் ஜோவான் கூலார்ட்டே வந்திருந்தார். அன்று கூட்டத்தில் எழுந்து பேசியவர்களுள் அங்கே எழுத்துக் கற்ற அந்தோனியோ பெரைரா என்பவரும் ஒருவர். வயிற்றுப் பசியைப் பற்றியும், அதைவிடத் தீர்ப்பதற்கு அரிதான தலையின் பசியைப் பற்றியும் அவர் தேசத்தின் தலைவர் முன்னிலையில் சொன்னார். அந்நாளைய பிரேஸிலில் எழுத்தறியாதவர்களுக்கு வாக்குரிமை கிடையாது என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 1985-இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஆகையால் ஒருவன் எழுத்துக் கற்றான் என்றால் ஒரு வாக்கு பிறந்தது என்று அர்த்தம். மறு வருஷமே ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பிரெய்ரே சிறைப்பட்டார், பிறகு நாட்டை விட்டு வெளியேறிப் பல்லாண்டுகள் அன்னிய தேசங்களில் வாழ்ந்தார். நாற்பது மணி நேரப் பாடத்தைக் கண்டு துப்பாக்கி பிடித்தவர்கள் அஞ்சினார்கள்!

இந்த இடத்தில் நம் தேசத்தை எண்ணிப் பெருமை கொள்ளாமல் இருக்க முடியவில்லை. 1951-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி நம் நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். அப்படியிருந்தும், எழுத்தறிந்தவருக்குத்தான் வாக்கு என்று நம் பெரியோர்கள் சொல்லவில்லை. வயது வந்தவர் அனைவருக்கும் வாக்கு என்றார்கள். படிக்க முடியாதவர்களுக்காகப் பெட்டியில் சின்னம் ஒட்டினார்கள். முதலில் நம்பிக்கை வைத்தது தேசம். அந்த நம்பிக்கைக்குப் பதிலாக எழுத்தைக் கொடுக்க வேண்டிய கடன்தான் இன்னும் முழுவதும் தீரவில்லை.

மகாநாட்டுக்கு வருவோம். நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு பேச்சு அன்று நடந்தது. மாலையில் எல்லோரும் மண்டபத்தில் மறுபடியும் கூடியபோது, நிறைவுரை சொல்ல வேண்டிய பிரமுகர் வந்து சேரவில்லை. நேரத்தைப் போக்க வேண்டுமே! "யாராவது படிப்பவர்கள் வந்திருந்தால் இரண்டு வார்த்தை பேசலாம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு தொண்டர் தம்முடன் வந்திருந்த அம்மாள் ஒருவரைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். "பேசுங்க, பெரியம்மா" என்றார். அறுபது வயதைக் கடந்தவர்; வயல் வேலை செய்து காய்த்த கை. ஒலிபெருக்கியைக் கண்டு முதலில் பின்வாங்கினார். பிறகு, மேடையைப் பாராமல், தமக்குக் கற்பித்த பெண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏழு வருசத்துக்கு முன்னாடி எங்க அண்ணன் மகளுக்குக் கலியாணம், தாயி. நான் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தேன். அண்ணனும் மதினியும் வந்து, வீடு பூட்டிக் கெடக்கவும் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டாக. சாயங்காலம் அந்தப் புள்ளை எடுத்துப் பாத்துட்டு, 'உங்க பேரைக் காணோமே'ன்னு சொல்லிருச்சு. அத்தைன்னு இருக்கது நான் ஒருத்திதான். என் பேரையே போடலையா, அப்புறம் நான் எதுக்குன்னு நான் போகலை. அவுகளும் ஏன் வரலைன்னு கேக்கலை. அதோட பேச்சு நின்னு போச்சு.

"இப்ப இந்தத் தாயி சொல்லிக் குடுத்ததுல எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துச்சு. தகரப் பெட்டிக்குள்ள கெடந்த காகிதத்தை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சுப் பாத்தேன். ரேசன் அட்டை, வேலை அட்டை, கரண்டு அட்டை. அடியில அந்தப் பத்திரிகை கெடந்துச்சு. கீழே பொடி எழுத்துல அத்தைன்னு போட்டு என் பேரு இருக்கு. முதல்ல என் பேருதான் இருக்கு. அந்தப் புள்ளை பொய் சொல்லுச்சோ, சரியாப் பாக்கலையோ, அது எனக்குத் தெரியாது. ஆனா ஏழு வருசமா என் பேரு என் பெட்டிக்குள்ளயே இருந்திருக்கு."

இவ்வளவுதான் சொன்னார். கூட்டத்திலிருந்து யாரோ, "அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டார்கள். "போனேன்" என்றார். "அண்ணன் இருந்தாரா?" என்று இன்னொரு குரல். "இருந்தாரு" என்றார். அதற்கு மேல் சொல்ல விருப்பம் இல்லாதவர் போல் மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

அப்போது கரகோஷம் எழவில்லை. சற்று நேரம் மண்டபம் நிசப்தமாக இருந்தது. காலையில் நம் பக்கத்தில் இருந்த பெண் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள். யானைக் கதையின்போது அந்த நோட்டு வெளியே வரவில்லை.

இந்த அம்மாள் "கல்வி கண் போன்றது" என்று உபதேசிக்கவில்லை. தமக்கு வேண்டியிருந்த ஒரு காகிதத்தைப் பற்றிச் சொன்னார். அதைப் படிக்க முடியாததால் போனது என்ன, படித்ததால் வந்தது என்ன என்று கணக்குக் காட்டினார். முதியோர் கல்வியின் மர்மம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. குழந்தை படிப்பது நாளைக்காக. நாம் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். முதியவர் படிப்பது இன்றைக்காக. அவருக்கென்று ஒரு காகிதம் எங்கோ காத்திருக்கிறது. ஒருவருக்கு மருந்துச் சீட்டு. ஒருவருக்குக் கடன் பத்திரம். ஒருவருக்கு மகன் அனுப்பும் செய்தி. ஒருவருக்குப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டிய பட்டியல். அது எது என்று கண்டுபிடித்தால் பாதிப் பாடம் முடிந்தது. அதைச் சொல்லக்கூடியவரோ அவர் ஒருவர்தான்.

இந்த உண்மையைக் கேரளத்தார் அறிந்திருந்தார்கள். 1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி, கோழிக்கோட்டு மானாஞ்சிற மைதானத்தில் பெருங் கூட்டம். கேரள ராஜ்யம் முழு எழுத்தறிவு பெற்றது என்று பிரகடனம் செய்யும் நாள். அந்த வாக்கியத்தைச் சொல்ல மந்திரிகள் இல்லையா, மகா பண்டிதர்கள் இல்லையா? ஆனால் அதைச் சொன்னவர் சேலக்கோடன் ஆயிஷா என்னும் மூதாட்டி. மலப்புறம் ஜில்லாவைச் சேர்ந்தவர். அந்த இயக்கத்தில்தான் எழுத்துக் கற்றவர். இத்தனை பேர் கற்றார்கள் என்று புள்ளிவிவரம் சொல்லும். கற்றவர் வாயாலேயே அதைச் சொல்லக் கேட்டபோதுதான் ஜனங்களுக்கு நம்பிக்கை பிறந்திருக்கும். ஆயிஷா அத்துடன் நிற்காமல் மேலும் படித்தார், 2013-இல் காலமானார். அதே கேரளத்தில் கார்த்தியாயனி அம்மா என்பவர் 2018-இல், தம் 96-ஆம் வயதில், எழுத்தறிவுப் பரீட்சை எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். அவரைப் பார்த்து, "இனிமேல் எனக்கு எதற்குப் படிப்பு?" என்று எழுபது வயதுக்காரர் சொல்ல முடியுமா? 2023-இல் அவர் மறைந்தபோது வயது நூறைத் தாண்டியிருந்தது.

ஆனால் பிரகடனத்தோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. இதை நாம் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வீட்டில் கண்டு சொல்கிறோம். நாம் பிறந்தது புதுக்கோட்டை ஜில்லாக் கிராமம் ஒன்றில். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது நமக்குப் பதினோரு வயது. கலெக்டராக இருந்த ஸ்ரீமதி ஷீலா ராணி சுங்கத் இயக்கத்தை முன்நின்று நடத்தினார். எழுத்தோடு கூடப் பெண்களுக்குச் சைக்கிள் விடவும் கற்றுத் தந்தார்கள். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து வியந்தார்கள். நம் அப்பத்தாவும் சாவடியில் நடந்த இரவு வகுப்புக்குப் போனார். அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவது நம் வேலை. சைக்கிள் ஏறும் வயது அவருக்குக் கடந்துவிட்டது, எழுத்து வந்தது. கோலம் போடுவதைப் போல், புள்ளி பிசகாமல், மெதுவாகத் தம் பெயரை எழுதுவார். பெரிய எழுத்துப் பாடப் புத்தகத்தை முடித்து, கடை வாசலில் இருந்த பலகைகளைக் கூட்டிப் படிப்பார். 1992-இல் ஜில்லா முழு எழுத்தறிவு பெற்றதாக விழா நடந்தது.

விழா முடிந்தது, வகுப்பு நின்றது. கற்பித்த அக்காள் கல்யாணமாகி வேற்றூர் போனார். அப்பத்தாவின் கையில் இரண்டாவது புத்தகம் ஒன்று வரவில்லை. அவர் கண்ணுக்குத் தெரியும் பெரிய எழுத்தில் வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. ஐந்தாறு வருஷங்களில் படிப்பு மெல்ல மெல்ல மறைந்தது. கடைசி வரையில் மிஞ்சியது கையெழுத்து ஒன்றுதான். எழுத்து அவரை விட்டு ஓடிவிடவில்லை. எழுத்துக்கு அவர் வீட்டில் வேலை இல்லாமற் போயிற்று. ஆயினும் அந்தக் கையெழுத்தை அற்பமென்று சொல்ல நமக்கு மனம் வராது. "கைநாட்டா?" என்று கேட்ட இடங்களில் எல்லாம், "பேனாக் குடுங்க" என்று அவர் கேட்ட குரல் இன்னும் நம் காதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர்கள் 1991-இல் நூற்றுக்கு 62.66, 2001-இல் 73.45; 2011-இல் 80.09. பெரிய முன்னேற்றந்தான்; சந்தேகமில்லை. பள்ளிக்கூடங்கள் பெருகியதும் இயக்கங்கள் உழைத்ததும் இதற்குக் காரணம். ஆனால் 2011-ஆம் வருஷக் கணக்கில் பெண்களை மாத்திரம் எடுத்துப் பார்த்தால் 73.44 தான். அதாவது ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நாலில் ஒருவருக்குமேல் எழுத்து இல்லை. இவர்களில் மிகப் பலர் பள்ளி வயதைக் கடந்தவர்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூட மணி இனி அடிக்காது. யாராவது அருகில் போய் உட்கார்ந்தால்தான் உண்டு.

காந்தியடிகள் 1941-இல் எழுதிய நிர்மாணத் திட்டத்தில் முதியோர் கல்வியையும் ஒரு பகுதியாக வைத்தார். வெறும் அட்சராப்பியாசம் மாத்திரம் போதாது; நாட்டைப் பற்றிய அறிவும் கூடவே வர வேண்டும் என்பது அவர் கருத்து. அதையே இன்றைய நிலைக்குத் தக்கபடி சொல்வதானால், எழுத்து கையில் ஏறினால் போதாது. அது வாழ்க்கையில் இறங்க வேண்டும்.

ஆகவே, இனி மகாநாடு கூட்டுபவர்களுக்கு நம் விண்ணப்பம் இது. ஊக்கப் பேச்சாளரை அழையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அவருக்கு அரை மணி போதும். அவருக்கு முன்னால், காலையில் முதலாவதாக, கற்கின்றவர்கள் நால்வரை மேடை ஏற்றுங்கள். பிரமுகர் வராததால் கிடைத்த இடைவெளியில் அல்ல; அச்சிட்ட நிகழ்ச்சி நிரலிலேயே அவர்கள் பெயர் இருக்கட்டும். அதை அவர்களே படித்துப் பார்க்கட்டும். எதைப் படிக்க ஆசைப்பட்டு வந்தீர்கள், எது தடுக்கிறது என்று கேளுங்கள். அதிகாரிகளும் பிரசங்கிகளும் கீழே உட்கார்ந்து கேட்கட்டும். பிறகு நடக்கும் குழுப் பாடங்களை அந்தப் பதில்களிலிருந்து தொடங்குங்கள். வீடு திரும்பும் ஒவ்வொரு தொண்டர் கையிலும் கேடயத்துக்குப் பதிலாக, பெரிய எழுத்தில் அச்சிட்ட இரண்டாவது புத்தகம் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள்.

மகாநாட்டுக்குப் போகாத நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பத்திரிகை வாங்கும் வீடுகளில் எழுத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வீடுகளில் பாத்திரம் துலக்க வருகிற அம்மாள் உண்டு. கீரை கொண்டுவருகிற ஆயா உண்டு. வாசலில் காவல் இருக்கிற பெரியவர் உண்டு. அவர்களிடம், "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு அவர்கள் ஆயுள் முழுவதும் தலை குனிந்தாயிற்று. "படித்துப் பார்க்க வேணும் என்று ஆசையாக இருக்கிற காகிதம் ஏதாவது உங்களிடம் உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்பார்கள். நாளைக்கு அதை எடுத்துவரச் சொல்லுங்கள். பெஞ்சில் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் காகிதத்தின் முதல் சொல்லே முதல் பாடமாக இருக்கட்டும்.